ஓரத்தில் தேதி போட்ட போட்டோ

அந்தக் கண்காட்சியைப் பத்தித்தானே சார் கேக்குறீங்க? கேப்பீங்கன்னு தெரியும். பணி நிறைவு மலர்னு ஒண்ணு போட்டா முதல் பக்கத்துல என் படம், ரெண்டாம் பக்கத்துல கலெக்டர் கையால நான் அவார்டு வாங்குற படம். எல்லா டீச்சருக்கும் அப்படித்தானே போடுறீங்க. தப்புன்னு சொல்லல. உக்காருங்க. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும்.

பதினஞ்சு வருஷமா கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லிட்டு வந்தேன். "குழந்தை தன்னோட வரலாற்றிலிருந்து நாட்டோட வரலாற்றுக்குப் போகணும்." பயிற்சிக்கு வர்ற டீச்சருங்க அதை நோட்டுல எழுதிக்குவாங்க. நல்ல வாக்கியம்தான் சார், இப்பவும் சொல்றேன், பாடம் நல்ல பாடம். ஆனா போன மாசம் ஒரு போன் பேசினேன். அதுலேருந்து அந்த வாக்கியம் வாயில வர மாட்டேங்குது. அதனால நடந்ததைச் சொல்றேன், நீங்களே எது வேணுமோ எடுத்துக்கங்க.

ஊர் பேரு வேண்டாம். முசிறிக்கும் துறையூருக்கும் நடுவுல ஒரு ஊரு, அங்க ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி, அதுல அஞ்சாம் வகுப்பு. ரெண்டாயிரத்து ஒம்பது. முப்பத்தாறு பிள்ளைங்க. சமூக அறிவியல்ல வரலாறுன்னு வந்தாலே பிள்ளைங்களுக்குக் கொட்டாவி வரும். அசோகர் சாலையோரம் மரம் நட்டார், நட்டார், நட்டார்னு மூணு வாட்டி ராகம் போட்டுச் சொல்லிட்டு உக்காந்துரும். ஒரு நாள் சிலம்பரசன்னு ஒரு பையன் எந்திரிச்சான். வாயாடி.

"டீச்சர், அந்த மரத்துல ஒண்ணாச்சும் இப்ப இருக்கா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்லடா."

"அப்ப எப்படித் தெரியும்?"

வகுப்பே சிரிச்சுது. நான் சிரிக்கல. நியாயமான கேள்வி சார் அது. கல்லுல எழுதி வச்சிருக்காங்கடா, அதைப் படிச்சுத்தான் தெரியும்னேன். அன்னைக்கு வீட்டுக்கு நடந்து போறப்பதான் தோணுச்சு. இதுங்களுக்கு ஆதாரம்னா என்னன்னு முதல்ல சொல்லிக் குடுக்கணும். ராஜா வேண்டாம். அதுங்களோட சொந்தக் கதையிலேருந்தே ஆரம்பிக்கணும்.

வகுப்புக்குள்ள இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு கொடிக்கயிறு கட்டினேன். தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பது, ரெண்டாயிரம்னு வருஷம் எழுதின அட்டை. துணிக்குப் போடுற கிளிப். ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையில நடந்ததுக்கு ஒரு ஆதாரம் கொண்டு வந்து, அந்தந்த வருஷத்துல மாட்டணும். வாயால சொன்னா கதை, காட்டினாத்தான் வரலாறு. அதுதான் விதி. யாராச்சும் சும்மா ஒண்ணு சொன்னா வகுப்பே சேந்து "ஆதாரம் எங்கே?"ன்னு கேக்கணும். அய்யோ, அதுங்களுக்குக் கிடைச்ச கொண்டாட்டம்! சத்துணவுல ரெண்டு முட்டை சாப்பிட்டேன்னு ஒருத்தன் சொன்னா "ஆதாரம் எங்கே?" பாம்பு பாத்தேன்னா "ஆதாரம் எங்கே?" தலைமையாசிரியர், "நேத்தே நான் லீவு சொன்னேனே"ன்னதுக்கு ஒரு வாண்டு அவர்கிட்டயே கேட்டுருச்சு.

என்னென்னவோ கொண்டு வந்துச்சுங்க. முதல் பல்லு, மாத்திரை அட்டைக்குள்ள வச்சு டேப்பு ஒட்டினது. காதுகுத்துப் பத்திரிகை. ஆஸ்பத்திரியில குழந்தை கையில கட்டுற பட்டை. சமயபுரத்துல மொட்டை போட்டு அழுவுற படம். ஒரு பொண்ணு சாணி மெழுகின தரைத் துண்டையே பேத்துக் கொண்டு வந்துருச்சு, அவ முதல் அடி எடுத்து வச்ச இடமாம். நான் அதையும் மாட்டச் சொன்னேன். மாட்ட முடியல, கீழ வச்சோம்.

அந்த வகுப்புல யோகஸ்ரீன்னு ஒரு பொண்ணு. பம்ப்செட் கடை சந்திரமோகன் மக. கடைக்காரர் பொண்ணு நம்ம பள்ளிக்கூடத்துல ஏன்னு கேப்பீங்க. அவருக்கு ஊருல நாலு பேருக்கு முன்னால நிக்கணும்னு ஆசை. "என் பொண்ணே இங்கதான் படிக்குது"ன்னு மேடையில சொல்லுவாரு. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். அந்தப் பொண்ணு லேமினேஷன் போட்ட பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தா. ரெண்டாயிரம், மார்ச் பதினொண்ணு. கயித்துல பளபளன்னு தொங்குச்சு.

இன்னொருத்தி செவ்வந்தி. அவ அம்மா கலாவதி, ரைஸ்மில் தெருவுல டெய்லர். பாதிப் பள்ளிக்கூடத்துக்கு அவதான் யூனிபாரம் தைப்பா. செவ்வந்தியோட யூனிபாரத்துல ஒரு மடிப்பு கலைஞ்சு நான் பாத்ததில்ல. நறுவிசான பொண்ணு, அதிகம் பேசாது. அப்பா இல்ல. ஒண்ணாம் வகுப்புல சேத்தப்ப ரிஜிஸ்டர்ல எழுதினது நான்தான். "அப்பா பேரு?"ன்னேன். கலாவதி கொஞ்ச நேரம் என் பேனாவையே பாத்துட்டு, "மோகன்னு போடுங்க டீச்சர், இறந்துட்டாங்க"ன்னா. போட்டேன்.

மூணு நாளா செவ்வந்தி ஒண்ணும் கொண்டு வரல. "நாளைக்கு டீச்சர்." மறுநாள் கேட்டா, "நாளைக்கு டீச்சர்." பிள்ளைங்க சும்மா இருக்குமா? "செவ்வந்திக்கு வரலாறே இல்ல"ன்னு ஒரு பாட்டு கட்டிட்டாங்க. நான் அதட்டினேன். அதட்டினேன்னா... ஒரு தடவை அதட்டினேன்.

நாலாம் நாள் ஒரு போட்டோ கொண்டு வந்தா. நோட்டுக்குள்ள வச்சு, அதை ஒரு துணியில சுத்தி. மெலிசா ஒரு ஆளு, பைக்குப் பக்கத்துல நிக்கிறாரு, கையில ஏழெட்டு மாசக் குழந்தை. பின்னாடி தண்ணி, மதகு.

"யாரும்மா இது?"

"எங்க அப்பா டீச்சர். கையில இருக்குறது நானு. முக்கொம்புல எடுத்தது."

சொல்றப்ப அவ குரலு இருந்த இருப்பு! அது வரைக்கும் அந்தப் பொண்ணு அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. கை தட்டுங்கன்னேன். எல்லாரும் தட்டினாங்க. அவளே எக்கி நின்னு தொண்ணூத்தொன்பதுல மாட்டினா.

அப்பதான் யோகஸ்ரீ பக்கத்துல வந்து பாத்தா.

"டீச்சர், இது எங்க அப்பா."

சிரிச்சாங்க. அவ சிரிக்கல. "நெசமா டீச்சர். வண்டி நம்பர் பாருங்க, எங்க பழைய வண்டி. எங்க அப்பா ஒல்லியா இருந்தப்ப எடுத்தது. அந்தப் பாப்பா நானு."

கிட்டப் போய்ப் பாத்தேன். மீசை வேற மாதிரி, உடம்பு வேற மாதிரி. ஆனா அவர்தான். சந்திரமோகன். மோகன்.

உங்களுக்கே புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியாம இருக்குமா? ஒரு நிமிஷம், அவ்வளவுதான், எல்லாம் புரிஞ்சுபோச்சு. அவரு கல்யாணத்துக்கு முந்தி கலாவதி அந்தக் கடையில பில்லு போட்டுக்கிட்டு இருந்தவன்னு ஊருக்கே தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சவங்க பேச மாட்டாங்க. எனக்குப் புரியலன்னு சொல்லி இந்தக் கதையை முடிச்சுடலாம். முதல்ல அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன், குழப்பத்துல ஏதோ பேசிட்டேன்னு. குழப்பமெல்லாம் இல்ல சார்.

அப்ப சிலம்பரசன் பெஞ்சு மேல ஏறிக் கத்தினான். "டீச்சர்! மூலையில தேதி இருக்கு! ஆரஞ்சுக் கலர்ல! தொண்ணூத்தொன்பது, பன்னெண்டு, இருபத்தாறு!" இறங்கிக் கயித்தோரமா யோகஸ்ரீயோட சான்றிதழ் பக்கம் ஓடினான். "யோகஸ்ரீ பொறந்தது ரெண்டாயிரம் மார்ச்சு! அப்ப அவ பொறக்கவே இல்ல டீச்சர்! அந்தப் பாப்பா செவ்வந்திதான்!"

அவன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். அவனுக்கு அப்பன் யாரு, ஆத்தா யாருங்கிறதெல்லாம் தோணவே இல்ல. ஒரு தேதியையும் இன்னொரு தேதியையும் சேத்து வச்சு ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டான். நான் சொல்லிக் குடுத்ததை ஒரு பிள்ளை அப்படியே செஞ்சு காட்டுறான். ஒரு டீச்சருக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேமராவுல தேதி தப்பா விழும்டா. உக்காரு."

உக்காந்துட்டான். அதோட முடிச்சிருந்தாலும் பரவால்ல. போட்டோவை எடுத்து உள்ள வச்சுட்டு, வாங்க பிள்ளைங்களா, கணக்கு நோட்டை எடுங்கன்னு சொல்லியிருக்கலாம். யோகஸ்ரீ அழ ஆரம்பிச்சா. எனக்குப் பயம் வந்துருச்சு. வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாளே, அவரு வருவாரே, உன்னை யாரு இந்தப் பாடமெல்லாம் நடத்தச் சொன்னதுன்னு கேப்பாரே. இந்தக் கயித்தையே கண்காட்சியா வைக்க வட்டார ஆபீஸ்லேருந்து தேதி குடுத்துட்டாங்க. கலெக்டர் வர்றதாப் பேச்சு. எல்லாம் ஒரே சமயத்துல மனசுக்குள்ள ஓடுது.

"செவ்வந்தி, இங்க வா. உங்க அம்மா யோகஸ்ரீ வீட்டுக்குத் தைக்கப் போறவங்கதானே? அங்க கிடந்ததை எடுத்துட்டு வந்ததா?"

திருடினியான்னு கேக்கல சார். எடுத்துட்டு வந்ததான்னுதான் கேட்டேன்.

"இல்ல டீச்சர். எங்க வீட்ல இருந்துச்சு."

"பொய் சொல்லக் கூடாது."

"பொய் இல்ல டீச்சர்." கயித்தைக் காட்டினா. "அதான் டீச்சர் ஆதாரம்."

"இது ஆதாரம் இல்ல."

"ஏன் டீச்சர்?"

ஏன்? இருபது வருஷம் வாத்தியார் வேலை பாத்தவ நான். பதில் இல்லாத டீச்சர் என்ன பண்ணுவா? குரலை உசத்துவா. "யோகஸ்ரீகிட்ட சாரி சொல்லு"ன்னேன்.

ரெண்டு பேரும் எதிரெதிர நின்னாங்க. அன்னைக்குத்தான் ரெண்டு முகத்தையும் சேத்து வச்சுப் பாத்தேன். நெத்திக்கு மேல, எடது பக்கம், ஒரே இடத்துல முடியில ஒரு சுழி. ரெண்டு பேருக்கும் அழுகை வந்தா கீழ் உதட்டை உள்ள மடிக்கிற பழக்கம். ஒரே மாதிரி மடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. நான் அதைப் பாத்துக்கிட்டே, "ம், சொல்லு"ன்னேன்.

மத்த பிள்ளைங்க ஆரம்பிச்சுட்டாங்க. "சாரி சொல்லு! சாரி சொல்லு!" டெஸ்க்கைத் தட்டி. நான் நிறுத்தல.

செவ்வந்தி சொன்னா. "சாரி யோகஸ்ரீ. உங்க அப்பாவை எங்க அப்பான்னு சொல்லிட்டேன்."

அந்த ஒரு வரிதான் சார். இப்படியே சொன்னா. வார்த்தை மாறல.

காபி ஆறிருச்சே, சூடு பண்ணட்டுமா? வேண்டாமா? சரி.

அந்தப் போட்டோவைக் கழட்டி என் பையில வச்சேன். சாயங்காலம் யோகஸ்ரீயைக் கூப்பிட அவரு வந்தாரு. தலைமையாசிரியர்தான் அவர்கிட்டயே குடுத்துடுங்கன்னு சொன்னாருன்னு எங்க வீட்ல சொல்லி வச்சிருக்கேன். தலைமையாசிரியருக்கு விஷயமே தெரியாது, பாவம். நானேதான் வாசல் கேட் வரைக்கும் போனேன்.

"சார், பிள்ளைங்க ஏதோ கொண்டு வந்துருச்சு. உங்களோடது போல இருக்கு."

வாங்கிப் பாத்தாரு. பாத்த கண்ணை எடுக்கல கொஞ்ச நேரம். அப்புறம் சட்டைப் பையில வச்சு, மேல கையை வச்சு ஒரு அழுத்து அழுத்திக்கிட்டாரு. "எங்கயோ கிடந்திருக்கும் டீச்சர். நல்ல வேளை உங்க கையில கிடைச்சுது"ன்னாரு. வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, "கண்காட்சிக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் அவரா படம் மாட்டுற தட்டி பன்னெண்டு அனுப்பினாரு, பச்சைத் துணி அடிச்சு. அவார்டு படத்துல எனக்குப் பின்னால பச்சையாத் தெரியுமே, அதுதான்.

மறுநாள் காலையில பிரேயருக்கு முந்தியே கலாவதி வந்துட்டா. தையல் மிஷின்லேருந்து எந்திரிச்ச மேனிக்கு, புடவையெல்லாம் நூலு. சண்டைக்கு வர்றான்னு நினைச்சு நான் வராண்டாவோட கடைசிக்குக் கூட்டிட்டுப் போனேன். சண்டை போடல.

"அந்தப் போட்டோவைக் குடுங்க டீச்சர்."

"அது... அவங்களோடதுன்னு யோகஸ்ரீ சொல்லுச்சும்மா. அதனால..."

"அதனால?"

"சந்திரமோகன் சார்கிட்ட குடுத்துட்டேன்."

அவ சுவத்துல கையை வச்சுக்கிட்டா. கத்துவான்னு பாத்தேன், கத்தல.

"இவளுக்கு ஒரு வயசானப்ப வந்தாரு டீச்சர். வீட்ல இருந்த படம், எழுதின கடுதாசி, எல்லாத்தையும் வாங்கிட்டுப் போனாரு. இது ஒண்ணை மட்டும் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். இன்னொண்ணு இருந்துச்சே எங்கன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தாரு. தொலைஞ்சு போச்சுன்னேன். அடிச்சுக்கூடக் கேட்டாரு. குடுக்கல. ஒம்பது வருஷமா அவரு தேடின போட்டோ. நீங்க கையில குடுத்துட்டீங்க."

"எனக்குத் தெரியாதும்மா"ன்னேன்.

"உங்களுக்குத் தெரியும் டீச்சர்"ன்னா. கோவமாச் சொல்லல. "பிள்ளை மூணு நாளாச் சோறு திங்கல. எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையாம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். யாராச்சும் கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சேன். சரி, டீச்சர் இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன்."

போயிட்டா. அப்புறம் பிரேயர் மணி அடிச்சாங்க. நான்தான் அன்னைக்கு உறுதிமொழி சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுத்தேன்.

திருப்பி வாங்கிக் குடுக்கணும்னு நினைச்சேன் சார். நினைக்காம இல்ல. ரெண்டு தடவை பம்ப்செட் கடை வாசல் வரைக்கும் போனேன். ஒரு தடவை அவரு இல்ல. இன்னொரு தடவை இருந்தாரு, "வாங்க டீச்சர், என்ன வேணும்?"னாரு. குழாய்க்கு வாஷர் வேணும்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

கண்காட்சி நடந்துச்சு. கலெக்டர் வந்தாரு. சிலம்பரசனை விட்டு "ஆதாரம் எங்கே?"ன்னு அவரையே கேக்க வச்சோம், விழுந்து விழுந்து சிரிச்சாரு. தமிழ்நாடு பூராவும் இப்படி வரலாறு நடத்தணும்னு மைக்குல சொன்னாரு. பேப்பர்ல வந்துச்சு. செவ்வந்தியா? வந்திருந்தா. வாசல்ல பன்னீர் தெளிக்கிற வேலை குடுத்திருந்தேன். உள்ள அவளுக்கு வைக்க ஒண்ணும் இல்லையே. நல்ல வேலைதான் சார் அது, எல்லாரும் போட்டி போட்டுக்கிட்டுக் கேப்பாங்க. என் தலையிலயும் தெளிச்சா. நிமிந்து பாக்கல.

பரீட்சை முடிஞ்சதும் கலாவதி டி.சி. வாங்கிட்டுப் பெரம்பலூர் பக்கம் போயிட்டா. எழுதினது நான்தான். தந்தை பெயர் மோகன்னு ரிஜிஸ்டரைப் பாத்து எழுதினேன். எழுதுறப்ப இதைப் பத்தி ஏதாச்சும் சொல்லணும்னு பட்டுச்சு. "பெரம்பலூர்ல வெயில் ஜாஸ்தியா இருக்கும்"னு சொன்னேன்.

மாதா கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். ஒரு குழந்தையை எல்லார் முன்னாலயும் வருத்தப்பட வச்சுட்டேன் சாமின்னு. புதுச் சாமியார், சின்னப் பையன். பிள்ளைங்களைக் கண்டிக்கிறது டீச்சரோட கடமைதானம்மா, அருள் நிறைந்த மரியே மந்திரத்தை மூணு தரம் சொல்லிட்டுப் போங்கன்னுட்டாரு. நான் அவர்கிட்ட முழுசாச் சொல்லல. முழுசாச் சொல்லாததுக்கு மூணு மந்திரமே ஜாஸ்தி.

இதெல்லாம் பழங்கதை சார். மறந்துட்டேன்னுகூடச் சொல்லலாம். அதுக்கப்புறம் மூணு பள்ளிக்கூடம் மாறியாச்சு. சந்திரமோகன் போன வருஷம் இறந்துட்டாரு, மாரடைப்பு. போன மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை, யோகஸ்ரீ இந்த வீட்டுக்கு வந்தா. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலிதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கா. இருபத்தஞ்சு வயசு, பேங்குல வேலை. பத்திரிகையை வாங்கி ஆசீர்வாதம் பண்ணினேன். போகாம உக்காந்திருந்தா. பையிலேருந்து ஒரு கவரை எடுத்தா.

"அப்பா பீரோவை ஒழிச்சப்ப கிடைச்சுது டீச்சர். நில டாக்குமெண்டுக்கு அடியில."

அந்தப் போட்டோ. கிழிக்கல அவரு. ஓரம்கூட மடங்கல.

"டீச்சர், இதுல தேதி சரிதான்"னா. "அந்தக் கேமரா எங்க வீட்டுக் கேமரா. அதுல எடுத்த படமெல்லாம் ஆல்பத்துல இருக்கு. என் பேரு வச்ச அன்னைக்கு எடுத்தது, எங்க சித்தப்பா கல்யாணத்துல எடுத்தது, எல்லாத்தையும் அந்தந்த விசேஷத்துப் பத்திரிகையோட சேத்து வச்சுப் பாத்தேன். ஒண்ணுல கூடத் தேதி தப்பில்ல. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் டீச்சர் பாத்தேன்."

என்னைக் குத்திக்காட்டச் சொல்லல சார் அந்தப் பொண்ணு. ஹோம்வொர்க் காட்டுற மாதிரி சொல்லுது. நான் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் டீச்சர். சிலம்பு தேதியைச் சொன்னதுமே நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டேன். ஆனா நீங்க தப்புன்னு சொன்னீங்க. டீச்சர் சொன்னா சரியாத்தானே இருக்கும்னு... எனக்கு அது வசதியா இருந்துச்சு டீச்சர். அவ சாரி சொன்னப்ப நான் வாங்கிக்கிட்டேன்." அவளுக்கு உதடு உள்ள மடிஞ்சுது. "எங்க அம்மா கூடாதுன்னுதான் சொல்றாங்க. எனக்கு அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடணும். எங்க இருக்கான்னு தெரியல. நீங்க கண்டுபிடிச்சுத் தர முடியுமா?"

பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து டி.சி. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னு பாத்தேன். அங்கேருந்து ஒரு தலைமையாசிரியை, அங்கேருந்து ஒரு தையல் கடை. கலாவதி இறந்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னு தையல் கடையிலதான் சொன்னாங்க. செவ்வந்தி ஒரு லேப்ல ரத்தப் பரிசோதனை பண்ற வேலையில இருக்காளாம். நம்பர் குடுத்தாங்க.

மூணு நாள் அந்த நம்பரை வச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் போட்டேன்.

"செவ்வந்தியாம்மா? நான் அமலோற்பவம் டீச்சர் பேசறேன்."

பின்னால ஏதோ மிஷின் ஓடுற சத்தம் மட்டும். "சொல்லுங்க டீச்சர்"னா. அதே குரலு சார். மெதுவா.

அம்மா இறந்ததுக்குத் துக்கம் விசாரிச்சேன். நல்லா இருக்கியாம்மான்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னா. யோகஸ்ரீக்குக் கல்யாணம்மா, உன்னைக் கூப்பிடணும்னு சொல்றா, உன் நம்பரைக் குடுக்கட்டுமான்னேன்.

"நான் யாருன்னு சொல்லிக் கூப்பிடுறாளாம் டீச்சர்?"

"அக்கான்னுதான்மா சொன்னா. எங்க அக்காவைக் கூப்பிடணும்னு."

யோகஸ்ரீ அந்த வார்த்தையைச் சொல்லல சார், உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. "அவளை"ன்னுதான் சொன்னா. அக்காங்கிறதை நானாப் போட்டேன்.

மிஷினை நிறுத்தினா போல, அந்தச் சத்தம் நின்னுச்சு. அப்புறம் சொன்னா. "இதை அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம் டீச்சர்."

நல்லாக் கேட்டுச்சு. கேட்டும், "என்னம்மா? சிக்னல் சரியில்ல"ன்னேன்.

அவ மறுபடியும் சொன்னா. குரலை உசத்தல. ஒவ்வொரு வார்த்தையாப் பிரிச்சு, காது மந்தமானவங்களுக்குச் சொல்ற மாதிரி. "இதை, அன்னைக்கே, நீங்க, சொல்லியிருக்கலாம்."

"ஆமாம்மா"ன்னேன். "தெரிஞ்சுதாம்மா சொல்லல." அதைச் சொல்லிட்டேன் சார். அது ஒண்ணு சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும் டீச்சர்"னா. "என் நம்பரைக் குடுக்க வேண்டாம். அவ நம்பரைச் சொல்லுங்க. நான் பேசணும்னு தோணுச்சுன்னா நான் பேசிக்கிறேன்."

பத்திரிகையைப் பாத்து ஒவ்வொரு நம்பரா வாசிச்சேன். அவ திருப்பிச் சொல்லிச் சரி பாத்துக்கிட்டா. கடைசி மூணு நம்பரை ரெண்டு தரம் கேட்டா. அதோட ஒண்ணும் பேசாம லைன்ல இருந்தா.

மன்னிச்சிடும்மான்னு கேக்கத்தான் இருந்தேன் சார். வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள அவ போனை வச்சுட்டா.

இல்ல. அவ வைக்கல. லைன்லதான் இருந்தா. நான்தான் வச்சேன்.